பதிவேட்டில் இரண்டு

உங்கள் படிவத்தில் காரணம் எழுத ஒரே ஒரு வரிதான் விட்டிருக்கிறீர்கள். 'நாணயம் எவ்வாறு அழிந்தது' என்று கேட்டுவிட்டு, விரல் நீளத்துக்கு ஒரு புள்ளிக்கோடு. பெரும்பாலானவர்களுக்கு அது போதும் என்று நினைக்கிறேன். தீப்பிடித்தது, வெள்ளம் வந்தது, கீழே விழுந்து உடைந்தது என்று எழுதிவிடலாம். எனக்கு அந்த இடம் போதவில்லை. அதனால் தனித்தாள் இணைத்திருக்கிறேன். என் எழுத்து கொஞ்சம் பொடியாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது சின்ன விஷயம். நீங்கள் தரம் பார்த்துக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து முத்திரையிட்டுக் கொடுத்த ஒரு ரூபாய் நாணயம் அது. ஆண்டு, நாணயச்சாலைக் குறி, சான்று எண் எல்லாம் படிவத்தில் இருக்கின்றன. எழுபதுக்கு அறுபத்தெட்டு தரம். அந்த வகையில் அதற்கு மேல் தரம் வாங்கிய நாணயம் உலகத்தில் கிடையாது. அந்தத் தரத்தில் எத்தனை இருக்கின்றன என்று உங்கள் பதிவேட்டில் பார்த்தால் 'இரண்டு' என்று வரும். அதை 'ஒன்று' என்று திருத்த வேண்டும். ஆதாரமாக உடைந்த பெட்டியின் துண்டுகளும், உள்ளே இருந்த சீட்டும் இந்த உறையில் இருக்கின்றன. சீட்டின் மூலையில் மஞ்சளாக ஒட்டியிருப்பது சந்தனம்.

என் பெயர் பூபாலன். முதலிபாளையத்தில் வீடு. அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பத்தொன்பது வருடமாகச் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். தைத்து வரும் பீஸை ட்யூப் லைட்டுக்குக் கீழே விரித்து, ஊசி ஓட்டை, ஆயில் கறை, தையல் விட்ட இடம் பார்ப்பதுதான் வேலை. சரியாக இருந்தால் இந்தப் பக்கம், இல்லையென்றால் அந்தப் பக்கம். அந்தப் பக்கம் போவதற்கு எங்கள் ஊரில் செகண்ட்ஸ் என்று பெயர். ஒரு லாட்டில் பத்தாயிரம் பீஸ் இருந்தால் பத்தாயிரமும் ஒன்றுபோலவே இருக்க வேண்டும். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அது குறை. பத்தொன்பது வருடம் இதையே பார்த்தவனுக்கு, உலகத்தில் ஒன்றே ஒன்றாக இருக்கும் ஒரு பொருள் மேல் ஆசை வருவது இயற்கை என்று நினைக்கிறேன். நீங்களும் நாள் முழுக்கப் பொருளைத் தரம் பார்ப்பவர்கள். உங்களுக்குப் புரியும்.

பாண்டித்துரை அடுத்த மேசையில் இருந்தான். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமான புதிதில் மனைவியோடு இங்கே வந்தவன். வந்த முதல் வாரமே என்னை மாப்ள என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். அவன் மனைவி வேல்விழி என்னை அண்ணே என்பாள், நான் அவளைத் தங்கச்சி என்பேன். அந்த முறையில் அவன் கூப்பிட்டது சரிதான்.

"ஏன் மாப்ள, உங்க ஊர்ல நாய வெரட்டுனாக்கூட 'போங்க'ன்னுதான் சொல்லுவீகளாம்ல?" என்றான் ஒருநாள்.

"கடிக்காத நாயா இருந்தாச் சொல்லுவமுங்க" என்றேன்.

அன்று அவன் சிரித்த சிரிப்பில் மடித்து வைத்த லாட் சரிந்து, இரண்டு பேரும் மறுபடி மடித்தோம். அவன் சிரித்தால் பக்கத்தில் எதையாவது சரிய வைக்காமல் விடமாட்டான்.

நாணயம் எங்களுக்கு வந்தது சனிக்கிழமைகளில். எங்கள் ஊரில் வாரச் சம்பளம். அப்போதெல்லாம் சில்லறைக்காக பேங்கிலிருந்து சீல் வைத்த நாணயப் பைகளை வாங்கி வருவார்கள். பிரித்து அடுக்க எங்கள் இருவரையும் கூப்பிடுவார்கள். ஒரு சனிக்கிழமை பாண்டித்துரை ஒரு ரூபாய் ஒன்றை இரண்டு விரலால் விளிம்பில் பிடித்து விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தான். பீஸைப் பார்ப்பது போலவே பார்த்தான்.

"மாப்ள, இந்தப் பீஸ்ல ஓட்டையே இல்ல" என்றான்.

அதற்கு நாலு மடங்கு விலை கொடுக்க ஆள் இருந்தது அப்புறம்தான் தெரிந்தது. பையில் ஒன்றோடொன்று உரசிக் கீறல் விழாத நாணயம் அபூர்வம். பழைய ராஜா காலத்துக் காசைத் தேடித்தான் எல்லோரும் அலைவார்கள். நேற்று அடித்த காசை யாரும் எடுத்து வைப்பதில்லை. அதனால்தான் அதில் நல்லது கிடைப்பதில்லை. எங்களுக்கோ பார்க்கிற கண் சம்பளத்தோடு வந்திருந்தது. மளிகைக் கடைகளில் சில்லறைப் பைகளை வாங்குவோம், கோயம்புத்தூர் கண்காட்சிக்குப் போவோம், தேறியதை உங்களுக்கு அனுப்புவோம், தரம் போட்டு வந்ததை விற்போம். ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டு மாடி அறையில் உட்காருவோம். வேல்விழிக்கு இது பெரிய வேடிக்கை.

"ஊர்ல பிள்ளைக்குத்தான் தொட்டி கட்டுவாக. இவுக ரெண்டு பேரும் ஒத்த ரூவாய்க்குப் பொட்டி செஞ்சு தாலாட்டுறாகண்ணே" என்று என்னிடமே சொல்வாள்.

அந்த இரண்டு நாணயங்களும் ஒரே பையில், அடுத்தடுத்து இருந்தன. கண்டெடுத்தவன் அவன். நான் அப்போது டீ வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது வெள்ளைத் துணியில் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு இருக்கு மாப்ள. ஒண்ணு உனக்கு" என்றான்.

அவ்வளவுதான் பேச்சு. என் நாணயம் எனக்கு எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன். இரண்டையும் ஒரே உறையில் அனுப்பினோம். இரண்டும் அறுபத்தெட்டு என்றே வந்தன.

இங்கே எங்கள் விதியைச் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் அடைபட்ட நாணயத்துக்கு ஒரு பயமும் இல்லை. கீழே போடலாம், குழந்தை கையில் கொடுக்கலாம். அடைபடாத வெறும் நாணயம் அப்படியில்லை. விரல் பட்டால் ரேகை பதியும், அதன் மேல் பேசினால் எச்சில் தெறித்துப் புள்ளி விழும். ஒருமுறை பாண்டித்துரை ஒரு நல்ல நாணயத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் போன் பேசப் போய், அவன் மகள் தரணி, அப்போது சின்னப் பிள்ளை, அதைத் தரையில் தேய்த்து விளையாடிவிட்டாள். அதற்குப் பிறகு விதி வைத்தோம். வெறும் நாணயம் மேசையில் இருந்தால், எது வந்தாலும் முதலில் நாணயத்தை உள்ளே வைக்க வேண்டும். பருத்திக் கையுறை போட்டு, ஒவ்வொன்றாக, அதனதன் உறையில்.

"ஊடு பத்திக்கிட்டா?" என்றான் பாண்டித்துரை, என் பேச்சைக் கிண்டல் செய்து.

"பத்திக்கிட்டாலும் காசு முதல்ல உள்ள போகோணும்."

அவன் சிரித்துவிட்டு, அட்டைப்பெட்டி மூடியைக் கிழித்து 'முதல்ல காசு உள்ள போகட்டும்' என்று மார்க்கரில் எழுதிச் சுவரில் ஒட்டினான். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

போன தை மாதம் சென்னையிலிருந்து ஒரு சேகரிப்பாளர் போன் செய்தார். உயர்ந்த தரத்தில் ஒன்றே ஒன்றாக இருப்பதை மட்டும் வாங்குபவர். நல்ல மனிதர், நிதானமாகப் பேசினார். "உங்க நாணயம் அருமைங்க. ஆனா பதிவேட்டுல இரண்டுன்னு இருக்கே. இரண்டாவது ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சா எனக்குத் தூக்கம் வராது" என்றார். அவர் சொன்ன விலை பெரியது. ஆனால் என் மனதில் நின்றது விலை அல்ல. எனக்கும் அன்றிலிருந்து அப்படித்தான் ஆயிற்று. அதுவரை என் நாணயத்தை எடுத்துப் பார்த்தால் அதை மட்டும்தான் பார்ப்பேன். பிறகு அதைப் பார்க்கும்போதெல்லாம் அருள்புரத்தில் ஒரு லைன் வீட்டில், துணி பீரோவுக்குள் இருக்கும் மற்றொன்று கண்ணில் வந்தது. என் கையில் இருந்தது ஒரு லாட்டின் பீஸ் போல ஆகிவிட்டது.

அவனிடம் கேட்டேன். உன்னுடையதை எனக்கு விற்றுவிடு என்றேன். அவன் எப்போதும் எதற்கும் இல்லை என்று சொல்லாதவன். இதற்குச் சொன்னான்.

"அது தரணிக்கு மாப்ள. பன்னெண்டாவது முடிக்கப்போறா. நர்சிங் படிக்கணும்கிறா. எங்கிட்ட வேற என்ன இருக்கு? அவ காலேஜ் சேர்ற அன்னைக்குத்தான் அது வெளிய வரும்."

வீட்டிலும் இப்படித்தான் சொல்லி வைத்திருந்தான். உன் படிப்புக்கு ஒரு காசு வைத்திருக்கிறேன் என்று. வேல்விழி அதைப் பேச்சுக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டாள். ஒரு காசில் யார் படிப்பார்கள்? பெட்டிகள் அவன் வீட்டில் பத்துப் பன்னிரண்டு கிடந்தன. அவற்றில் எது என்று அவளுக்கும் தெரியாது, தரணிக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அனிதா, என் மனைவி, ஊத்துக்குளியில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். பாண்டித்துரை பதினோரு மணிக்கு வந்தான். மாசி மாதம் அவனுக்கு ஒருமுறை நெஞ்சு வலி வந்து, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பான். மாடி அறை தகரக்கூரை. வந்ததும் சட்டையைக் கழற்றிக் கதவருகே ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்த இடத்திலிருந்து ஆணி நாலு எட்டு.

அவனுடைய பெட்டியையும் எடுத்து வரச் சொல்லியிருந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். கொண்டுவந்திருந்தான். மறுபடி பேச்சு எடுத்தேன். அவன் கோபப்படவில்லை.

"நீ வேணும்னா ஒண்ணு செய் மாப்ள. அந்த ஆளுகிட்ட ரெண்டையும் ஜோடியாக் குடுப்போம். வர்றதுல நீ பாதி, தரணி பாதி."

"ஜோடின்னா அவருக்கு வேண்டாமாம். ஒண்ணுதான் வேணுமாம்."

"உனக்கு?"

நான் என் பெட்டியை அவனுடையதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

"ரெண்டு இருந்தா என்ன மாப்ள? அதுகளுக்குப் பேச்சுத்துணைக்கு ஆச்சு" என்று சொல்லிச் சிரித்தான்.

சிரிப்பு பாதியில் நின்றது. இடது கையால் மேசை விளிம்பைப் பிடித்தான். நெற்றியில் ஒரே நொடியில் வியர்வை பூத்தது. நாற்காலியிலிருந்து மெதுவாகச் சறுக்கி, சுவரில் முதுகு சாய்த்துத் தரையில் உட்கார்ந்தான். பிறகு கையை நீட்டி ஆணியைக் காட்டினான்.

"மாப்ள... சட்ட" என்றான்.

என் கையில் கையுறை இருந்தது. மேசையில் பதினோரு வெறும் நாணயங்கள் விரித்திருந்தன. விதி இருக்கிறது. நான் நாணயங்களை ஒவ்வொன்றாக எடுத்து, விளிம்பில் பிடித்து, உறையில் இட்டு, டப்பாவில் அடுக்கினேன். வழக்கமாக நாலு நிமிடத்தில் முடிகிற வேலை. கை நடுங்கினால் கீறல் விழும் என்று நிதானமாகச் செய்ததில் கூடுதலாகவே ஆகியிருக்கும். இடையில் ஒருமுறை மாப்ள என்றான். அப்புறம் அவன் கூப்பிடவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். விதி அவனுக்கும் தெரியும், அதனால் அவசரப்படுத்தவில்லை என்று நினைத்துக்கொண்டேன். டப்பாவை மூடி, கையுறையை விரல் விரலாகக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து அவன் நாக்குக்கு அடியில் வைத்தேன்.

பிறகு கீழே ஓடி ஆட்டோ பிடித்தேன். உண்மையாகவே ஓடினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் அவன் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். மாத்திரை கரையாமல் அப்படியே இருந்தது.

"மாத்திரை எப்ப வெச்சீங்க?" என்று கேட்டார்.

"வலி வந்ததுமே வெச்சனுங்க" என்றேன்.

அவர் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் உசிலம்பட்டியிலிருந்து வேன் வந்தது. ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று சிலர் சொன்னார்கள். வேல்விழிதான், "இங்கனயே உழைச்சாரு, இங்கனயே போகட்டும்" என்றாள். லைன் வீட்டு வாசலில் பெஞ்சு போட்டுக் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்டி, வேட்டி மாற்றி, சந்தனம் பூசிய பிறகு, அவன் அத்தை ஒச்சாயி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"நெத்திக்கு ஒரு காசு குடுங்கப்பா."

இறந்தவர் நெற்றியில் ஒரு ரூபாய் வைத்து அனுப்புவது வழக்கம். அங்கே நாற்பது பேர் இருந்தோம். எல்லோரும் பையைத் தடவினார்கள். யாரிடமும் இல்லை.

"இம்புட்டுப் பேரு நிக்கிறீக, ஒருத்தன்ட்டயும் ஒத்த ரூவா இல்லையா?"

"எல்லாம் போன்ல இருக்குது ஆத்தா" என்றார் கம்பெனி ஆள் ஒருவர். இன்னொருவர் பத்து ரூபாய்த் தாளை நீட்டினார்.

"தாள எப்புடிடா நெத்தியில ஒட்டுறது? எம்மருமகன் என்ன தபால் பொட்டியா?" என்று சொல்லிவிட்டு ஒச்சாயி அழ ஆரம்பித்தாள்.

என் தோள்பையில் சாதாரண ஒரு ரூபாய் நாணயங்கள் ஒரு பாக்கெட் நிறைய இருந்தன. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். அதற்குப் பக்கத்தில் அவனுடைய பெட்டி இருந்தது. முந்தின நாள் என் மேசையிலிருந்து எடுத்து வைத்தது. நான் பெட்டியை வெளியே எடுத்தேன்.

"இது அவனுக்கு உசிருங்க தங்கச்சி. இதையே வெச்சு அனுப்பிரலாம்" என்றேன்.

வேல்விழி நிமிர்ந்து பார்த்தாள். "அவரு தொடச்சுத் தொடச்சுப் பாத்துக்கிட்டிருப்பாரே, அந்தக் காசாண்ணே?"

"ஆமாங்க."

"அப்ப அதையே வைங்கண்ணே. அவரோடயே போகட்டும்."

பெட்டியை வாசற்படியில் வைத்து அம்மிக்குழவியால் உடைத்தேன். உங்கள் பெட்டி உறுதியானது. மூன்று அடி ஆயிற்று. மூன்றாவது அடியில் நாணயம் தெறித்துப் படியில் உருண்டது. தரணிதான் ஓடிப்போய் எடுத்தாள். என்னிடம் கொடுக்கும் முன் உள்ளங்கையில் வைத்து ஒரு கணம் பார்த்தாள்.

"மாமா, அப்பா எம் படிப்புக்குன்னு சொல்வாரே, அந்தக் காசா இது?"

"இல்ல கண்ணு. அது வேற" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு என் கையில் வைத்தாள்.

நெற்றிச் சந்தனத்தில் வைத்து என் பெருவிரலால் அழுத்தினேன். அந்த நாணயத்தைக் கையுறையில்லாமல் நான் தொட்டது அப்போதுதான். விரலுக்குச் சில்லென்று இருந்தது. அந்தக் குளிர்ச்சி நாணயத்தினுடையதா, அவனுடையதா என்று தெரியவில்லை. எங்கள் மேனேஜர் கந்தவேல் பின்னால் நின்று, "சிநேகிதம்னா இப்படியல்லொ இருக்கோணும்" என்று யாரிடமோ சொன்னார். பெண்கள் அதைக் கேட்டு இன்னும் அழுதார்கள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை. பத்தொன்பது வருடத்தில் என்னோடு அந்த அளவுக்குப் பேசியவர் வேறு யாருமில்லை.

தகன மேடையில் உடலை உள்ளே தள்ளும் முன், அங்கே வேலை செய்பவர் நெற்றியிலிருந்து நாணயத்தை விரலால் வழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது அவருக்குச் சேர வேண்டியது. அதுவும் வழக்கம்தான். அப்படியென்றால் நாணயம் அழியவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். அதைப் பற்றி யோசித்தேன். சந்தனம் பட்டாயிற்று, என் ரேகை பட்டாயிற்று, அன்று மாலையே ஏதாவது ஒரு பேக்கரியில் டீக்குக் கொடுத்திருப்பார். உங்கள் கணக்கில் அது இனி அறுபத்தெட்டு இல்லை. வெறும் ஒரு ரூபாய். அதனால் திருத்தம் நியாயமானது.

இதை நான் விற்பதற்காகக் கேட்கவில்லை. சென்னைக்காரர் இரண்டு முறை கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. என் நாணயம் பீரோவில் இருக்கிறது. அதை எடுத்துப் பார்த்தால் முன்பு போல் அதை மட்டும் பார்க்க முடியும் என்று நினைத்திருந்தேன். இப்போது கடையில் மீதி கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயையும் திருப்பி ஆண்டைப் பார்க்கிறேன். பேக்கரியில், பஸ்ஸில், கோயில் வாசலில். அனிதா ஒருநாள், "ஏனுங்க, வரவர மனுசங்க மூஞ்சியவே பாக்கறதில்லீங்க. சில்லறையவே பாத்துட்டிருக்கறீங்க" என்றாள். பதிவேட்டில் ஒன்று என்று வந்துவிட்டால் இது நின்றுவிடும் என்று நம்புகிறேன்.

தரணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் நல்ல மதிப்பெண் எடுத்தாள். கல்லூரியில் சேரவில்லை. அவன் வீட்டில் கிடந்த மற்றப் பெட்டிகளை நானே நல்ல விலைக்கு விற்றுக் கொடுத்தேன். அது அவர்கள் கடைக்கடனுக்கும் காரியச் செலவுக்கும் சரியாகப் போயிற்று. பதினெட்டு முடிந்ததும் ஆனி மாதம் மேனேஜரிடம் சொல்லி எங்கள் பிரிவிலேயே வேலை வாங்கிக் கொடுத்தேன். அவள் அப்பாவின் மேசையிலேயே உட்காருகிறாள். கண் நல்ல கண். ட்யூப் லைட்டுக்கு நேரே பீஸைச் சாய்த்துப் பிடிக்கும்போது அவனைப் போலவே முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்கிறாள். வேல்விழி பார்க்கும்போதெல்லாம் கை கூப்புகிறாள். "நீங்க இல்லாட்டி நாங்க என்ன ஆகியிருப்போம்ணே" என்கிறாள்.

போன வாரம் தரணி வேலைக்கு நடுவில் என்னிடம் கேட்டாள். "மாமா, அப்பா சொன்ன அந்தக் காசு எங்க போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? வீடெல்லாம் தேடிட்டேன். இப்பவும் ராத்திரி எந்திரிச்சு அம்மாவோட சேலை மடிப்புக்குள்ளல்லாம் தேடுறேன்."

"பாத்துச் சொல்றேன் கண்ணு" என்றேன்.

அன்று மாலைதான் உங்கள் படிவத்தை வரவழைத்தேன்.

படிவத்தின் கடைசியில், 'மேலே கூறியவை அனைத்தும் உண்மை' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துக் கேட்கிறீர்கள். எழுதியதை ஒருமுறை செக் செய்து பார்த்தேன். நான் வேலையில் குறையுள்ள பீஸைப் பாஸ் செய்து பழக்கமில்லை. ஒரு இடத்தில் பிழை இருக்கிறது. அதைச் சரி செய்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேசையில் வெறும் நாணயம் எதுவும் இல்லை. உங்கள் பெட்டிகள் இரண்டு மட்டும்தான் இருந்தன, இரண்டும் மூடி முத்திரையிட்டவை. என் கையில் கையுறையும் இல்லை. பாண்டித்துரை சட்டையைக் காட்டிய பிறகுதான் அலமாரியைத் திறந்து கையுறையை எடுத்து மாட்டினேன். டப்பாவை இறக்கி, உள்ளே இருந்த பதினோரு நாணயங்களையும் உறை பிரித்து ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்தேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். மாப்ள என்று அவன் இரண்டாவது முறை கூப்பிட்டது அப்போதுதான்.

அதற்குள் மேசையில் வெறும் நாணயங்கள் வந்துவிட்டன. முதலில் அவற்றை உள்ளே வைத்தேன். மற்றதெல்லாம் மேலே எழுதியபடிதான். விதியை நான் மீறவில்லை.